ஆறு மாசத்துல ‘டாக்டர்’ ஆகலாமா? மாற்று மருத்துவப் படிப்புல சேர்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

“அக்கா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்…”

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப் அனுப்பினாள். பி.காம் முடித்துவிட்டு மூணு வருஷம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்த்தவள். உட்கார்ந்தே வேலை பார்த்ததில் முதுகுவலி வந்தது. தெருமுனை யோகா வகுப்புக்குப் போனதில் வலி குறைந்தது. ‘இதையே ஏன் தொழிலா எடுத்துக்கக் கூடாது?’ என்று யோசித்து, போனில் ரெண்டு தடவை தேடியிருக்கிறாள். அவ்வளவுதான், அடுத்த நாளிலிருந்து இன்ஸ்டாவில் விளம்பரமாக வந்து குவிந்துவிட்டது. அதில் ஒன்றுதான் இந்த பி.டி.எஃப்.

முதல் பக்கத்தில் ஸ்டெதஸ்கோப், அதன் பக்கத்தில் மருந்து அரைக்கும் கல்வம், பின்னணியில் பத்மாசனத்தில் ஒருவர். ‘ஒருங்கிணைந்த மருத்துவத்தில் டிப்ளமா. 6 மாதம். முழுக்க ஆன்லைன். முடித்ததும் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம். சொந்தமாக கிளினிக் தொடங்கலாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கட்டணம் 45,000 ரூபாய், இந்த வாரமே சேர்ந்தால் 38,000. கடைசிப் பக்கத்தில் வரிசையாக ஏழெட்டு முத்திரைகள்.

“அட்வான்ஸ் ஏதும் கட்டிட்டியா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, “அஞ்சாயிரம்… ஆனா அரசாங்க முத்திரையெல்லாம் இருக்கேக்கா. பொய்யாவா இருக்கும்?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. இன்னிக்கு யோகா, சித்தா, அக்குபங்சர், நியூட்ரிஷன்னு உடல்நலம் சார்ந்த படிப்புகளைத் தேடும் இளைஞர்கள் எல்லோருக்குமே வரும் சந்தேகம். அந்த முத்திரைகள் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால், நாம் நினைக்கிற விஷயத்தை அவை சொல்லவில்லை. அதைப் புரிந்துகொள்ள, எந்தப் படிப்பை யார் கண்காணிக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம்.

‘ஒருங்கிணைந்த மருத்துவம்’னா என்ன?

பக்கவாதம் வந்த ஒருவருக்கு நரம்பியல் டாக்டர் மாத்திரை தருகிறார். பிசியோதெரபிஸ்ட் பயிற்சி கொடுக்கிறார். சித்த மருத்துவர் தொக்கணமோ வர்மமோ செய்கிறார். யோகா மருத்துவர் மூச்சுப்பயிற்சி சொல்லித் தருகிறார். நாலு பேரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு சிகிச்சை கொடுத்தால், அதுதான் ஒருங்கிணைந்த மருத்துவம். தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் அலோபதி புறநோயாளிப் பிரிவு இருக்கும் வளாகத்திலேயே சித்தா பிரிவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த யோசனையில் வந்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த நாலு பேரும் அவரவர் துறையைத் தனித்தனியாக, வருஷக்கணக்கில் படித்தவர்கள். நாலையும் ஒரே ஆளுக்கு ஆறு மாசத்தில் ஆன்லைனில் ஊற்றிக் கொடுப்பது ஒருங்கிணைப்பு ஆகாது. நாலையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டு, எதிலும் நோயாளியைத் தொடாத ஒருவரைத்தான் அது உருவாக்கும்.

எந்தப் படிப்புக்கு யார் பொறுப்பு?

சித்தா, ஆயுர்வேதா, யுனானி: இந்த மூன்றுக்கும், இமயமலைப் பகுதியில் வழக்கத்தில் உள்ள சோவா ரிக்பாவுக்கும் பொறுப்பு, ‘இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையம்’. சுருக்கமாக என்.சி.ஐ.எஸ்.எம். 2020-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 2021 ஜூனில் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு, 1970-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் இந்த வேலையைப் பார்த்துவந்தது.

பெயர் மட்டும் மாறவில்லை. பழைய கவுன்சிலில் பாடத்திட்டம் போடுவது, கல்லூரியை ஆய்வு செய்வது, மருத்துவர்களின் நடத்தையைக் கவனிப்பது எல்லாம் ஒரே குடையின்கீழ் இருந்தன. புதிய ஆணையத்தில் நான்கு தனி வாரியங்கள். ஆயுர்வேதத்துக்கு ஒன்று, யுனானி - சித்தா - சோவா ரிக்பாவுக்கு ஒன்று. இவை படிப்பின் தரத்தைப் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது வாரியம் கல்லூரிகளை ஆய்வு செய்து அனுமதியும் மதிப்பீடும் கொடுக்கும். நான்காவது, மருத்துவர் பதிவையும் ஒழுங்கு நெறிகளையும் கவனிக்கும். கேள்வித்தாள் எடுப்பவரும் விடைத்தாள் திருத்துபவரும் வேறு வேறாக இருந்தால் நல்லது, இல்லையா? அதே லாஜிக்தான்.

சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ் மொத்தம் ஐந்தரை வருஷம். நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி மருத்துவர். சேர்வதற்கு நீட் தேர்வு கட்டாயம். குணபாடம், நோய் நாடல், நஞ்சு நூல் எல்லாம் படிப்பதோடு உடற்கூறியல், உடலியங்கியல், மகப்பேறு, குழந்தை மருத்துவமும் படிக்க வேண்டும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-லிருந்து இயங்குகிறது. சென்னை அரும்பாக்கத்தில் இன்னோர் அரசுக் கல்லூரி இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம், எம்.டி போன்ற மேற்படிப்புகளுக்கானது.

ஹோமியோபதி: இதற்குத் தனி ஆணையம், தனிச் சட்டம். அதுவும் 2020-ல் வந்ததுதான். பட்டம் பி.ஹெச்.எம்.எஸ், இதுவும் ஐந்தரை வருஷம். மதுரை பக்கம் திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

யோகா - இயற்கை மருத்துவம்: இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான சிக்கல். ‘ஆயுஷ்’ என்ற பெயரிலேயே யோகாவுக்கு ஓர் எழுத்து இருக்கிறது. ஆனால், மேலே சொன்ன இரண்டு ஆணையங்களின் சட்டத்துக்குள்ளும் யோகாவும் இயற்கை மருத்துவமும் வரவில்லை. பி.என்.ஒய்.எஸ் என்ற பட்டப்படிப்பு இருக்கிறது. அதுவும் ஐந்தரை வருஷம்தான். தமிழ்நாட்டில் இது டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் நடக்கிறது. அரும்பாக்கத்தில் இதற்கென அரசுக் கல்லூரியும் உண்டு. ஆனால், நாடு முழுமைக்கும் ஒரே சட்ட ஆணையம் இல்லாததால், பல்கலைக்கழகமும் மாநில விதிகளும்தான் காவல். ‘யோகா தெரபி’, ‘நேச்சுரோபதி’ பெயர்களில் குறுகியகால டிப்ளமாக்கள் அதிகமாக முளைப்பதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

அங்கீகாரம் என்பது வெறும் பேப்பரா?

‘எங்க படிச்சா என்ன, அறிவு இருந்தா போதாதா?’ன்னு சிலர் கேட்பார்கள். அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஆயுர்வேதக் கல்லூரிகளுக்கான 2016-ம் ஆண்டு விதிமுறையில் ஒரு கணக்கு உண்டு. ஆண்டுக்கு 60 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு, சொந்த மருத்துவமனையில் 60 படுக்கைகள் இருக்க வேண்டும். புறநோயாளிப் பிரிவுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 120 பேராவது வர வேண்டும். படுக்கைகளில் ஆண்டுச் சராசரியாக 40 சதவிகிதமாவது நிரம்பியிருக்க வேண்டும். விதிமுறைகள் அவ்வப்போது திருத்தப்பட்டாலும் அடிப்படை இதுதான்.

எதற்கு இந்தக் கணக்கு? ‘காய்ச்சல்’ என்று வருகிற பத்து பேரில் ஒன்பது பேருக்கு அது சாதாரணக் காய்ச்சலாக இருக்கலாம். அந்தப் பத்தாவது ஆளுக்கு டெங்கு. அவரைப் பார்த்ததும் ‘இவருக்கு உடனே ரத்தப் பரிசோதனை எடுக்கணும், நம்ம கையில் வெச்சுக்கக் கூடாது’ என்று தோன்ற வேண்டுமே, அந்தத் தெளிவு வீடியோ பார்த்து வராது. நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து, மூத்த மருத்துவரிடம் திட்டு வாங்கித்தான் வரும். ஆய்வுக்கு வருகிறவர்கள் படுக்கையை எண்ணுவது, கட்டடத்தின் அழகைப் பார்க்க இல்லை. மாணவருக்குப் பார்க்க நோயாளி இருக்கிறாரா என்பதைப் பார்க்கத்தான்.

இந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. ஆய்வு நாளில் மட்டும் வந்து உட்காரும் ஆசிரியர்கள், பெயருக்கு நிரப்பப்பட்ட படுக்கைகள் என்று நாட்டின் பல பகுதிகளில் புகார்கள் எழுந்திருக்கின்றன. ஆசிரியர்களுக்குத் தனி அடையாள எண், பயோமெட்ரிக் வருகைப்பதிவு போன்றவை அதனால்தான் வந்தன. அங்கீகாரம் இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அங்கீகாரமே இல்லாத இடத்தில் புகார் கொடுக்கக்கூட ஓர் அலுவலகம் கிடையாது.

முத்திரைகளைப் படிப்பது எப்படி?

இப்போ அந்த பி.டி.எஃப்-ன் கடைசிப் பக்கத்துக்கு வருவோம். நானும் தங்கையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்தோம்.

‘ஐ.எஸ்.ஓ 9001 சான்று பெற்றது’: ஒரு நிறுவனம் தன் வேலைகளை ஒழுங்கான நடைமுறையோடு செய்கிறது என்பதற்கான தரச்சான்று. பிஸ்கட் கம்பெனியும் இதை வாங்கலாம். நீங்கள் படிக்கும் படிப்பு செல்லுமா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

‘மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ பதிவு’: சிறு, குறு தொழிலாகப் பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தையல் கடைகூட இதைப் பதியலாம்.

‘அரசுப் பதிவு பெற்ற அறக்கட்டளை’: பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு டிரஸ்ட் தொடங்கியிருக்கிறார்கள். அவ்வளவே.

‘நிதி ஆயோக் பதிவு’: தொண்டு நிறுவனங்கள் தங்கள் விவரங்களைப் பதியும் ‘தர்ப்பண்’ தளத்தில் பெயர் இருக்கிறது. நிதி ஆயோக் மருத்துவப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பே கிடையாது.

‘யு.ஜி.சி விதிப்படி’: இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1956-ம் ஆண்டு யு.ஜி.சி சட்டத்தின் 22-வது பிரிவின்படி ‘பட்டம்’ கொடுக்கும் உரிமை மூன்று வகையினருக்குத்தான் உண்டு. மத்திய, மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்கள். இந்தக் காவல் ‘பட்டம்’ என்ற சொல்லுக்குத்தான். ‘டிப்ளமா’, ‘சர்ட்டிஃபிகேட்’ என்ற சொற்களுக்கு அந்தப் பிரிவில் அப்படியொரு வேலி இல்லை. அதனால்தான் எல்லாமே ‘டிப்ளமா’வாக இருக்கின்றன!

யு.ஜி.சி தன் இணையதளத்தில் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. பெயரிலேயே ‘மாற்று மருத்துவம்’ இருக்கும் இரண்டு கொல்கத்தா நிறுவனங்கள் பல வருஷங்களாக அதில் இருக்கின்றன. பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலை ஒரு தடவை பார்க்க ரெண்டு நிமிஷம் போதும்.

‘நாக் தரச்சான்று’: இது நிஜமான கல்வித் தரச்சான்றுதான். ஆனால், கல்லூரியின் ஒட்டுமொத்தத் தரத்துக்கானது. நாக் கிரேடு இருந்தாலும், மருத்துவப் படிப்பு நடத்த சம்பந்தப்பட்ட ஆணையத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

எல்லாவற்றையும் பார்த்து முடித்தபோது தங்கை சொன்னாள்: “அப்போ ஏழு முத்திரையில ஒண்ணுகூட ‘இவங்க மருத்துவம் சொல்லிக் கொடுக்கலாம்’னு சொல்லலையா?” சொல்லவில்லை.

யோகா டீச்சர் ஆகணும்னா?

நோய்க்குச் சிகிச்சை தருவது வேறு, யோகா சொல்லித் தருவது வேறு. இரண்டாவதுக்கு ஐந்தரை வருஷம் படிக்கத் தேவையில்லை. இதற்கென ஆயுஷ் அமைச்சகத்தின்கீழ் ‘யோகா சான்றளிப்பு வாரியம்’ இருக்கிறது. சுருக்கமாக ஒய்.சி.பி.

இதில் பல படிகள். ஆரம்ப நிலையில் ‘யோகா புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர்’, அடுத்து ‘யோகா வெல்னெஸ் இன்ஸ்ட்ரக்டர்’, பிறகு ‘யோகா டீச்சர் அண்ட் எவால்யுவேட்டர்’, அதற்கு மேல் ‘யோகா மாஸ்டர்’. சிகிச்சை சார்ந்த பணிக்குத் தனிப் படிகள் இருக்கின்றன. முக்கியமான விஷயம், எங்கே கற்றீர்கள் என்பதோடு நிற்காமல், எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்து உங்களையே சோதிக்கிறார்கள்.

‘200 மணி நேர யோகா அலையன்ஸ் சான்றிதழ்’ என்ற விளம்பரத்தையும் பார்த்திருப்பீர்கள். யோகா அலையன்ஸ் என்பது அமெரிக்காவைச் சேர்ந்த, லாபநோக்கமற்ற தனியார் அமைப்பு. அதில் பதிவு செய்துள்ள பள்ளியில் 200 மணி நேரப் பயிற்சியை முடித்தால், ஆசிரியராகப் பெயர் பதிந்துகொள்ளலாம். வெளிநாட்டு ஸ்டுடியோக்களில் இதற்கு மதிப்பு உண்டு. ஆனால், இது ஒரு பதிவேடு. அரசு உரிமம் இல்லை. ரிஷிகேஷில் ஒரு லட்சம் செலவழிக்கும் முன், எங்கே வேலை பார்க்கப் போகிறோம் என்று யோசித்துக்கொள்வது நல்லது.

அக்குபங்சர், ரெய்கி, காந்த சிகிச்சை?

மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பர் 25-ம் தேதி ஓர் உத்தரவு போட்டது. மாற்று மருத்துவ முறைகள் பலவற்றை ஒரு நிபுணர் குழு ஆராய்ந்த பிறகு வந்த உத்தரவு அது. எலெக்ட்ரோபதி, காந்த சிகிச்சை, ரெய்கி, ரத்தினக்கல் சிகிச்சை, சிறுநீர் சிகிச்சை போன்றவற்றைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரிக்கப் பரிந்துரை இல்லை என்று அது சொன்னது. அங்கீகாரமில்லாத முறைகளில் பட்டமோ டிப்ளமாவோ வழங்கப்படாமல் மாநில அரசுகள் பார்த்துக்கொள்ள வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட முறைகளில் இருப்பவர்கள் மட்டுமே ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. இந்த வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அக்குபங்சரின் கதை கொஞ்சம் வேறு. அதே 2003 உத்தரவு, அக்குபங்சரையும் ஹிப்னோதெரபியையும் முழு மருத்துவ முறையாக இல்லாமல் ‘சிகிச்சை வழி’யாக ஏற்றுக்கொண்டது. பதிவுபெற்ற மருத்துவர்களோ, முறையாகப் பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனித்த சிகிச்சை முறையாக மத்திய அரசு ஏற்றது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிராவும் அக்குபங்சருக்கெனத் தனிச் சட்டமே வைத்திருக்கின்றன. ஆக, அக்குபங்சர் படிப்பது தப்பில்லை. அதைப் படித்துவிட்டு ‘டாக்டர்’ போர்டு மாட்டி, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்வதுதான் பிரச்னை.

டயட், நியூட்ரிஷன் பக்கம் போறவங்களுக்கு…

இன்ஸ்டாவில் ‘சர்ட்டிஃபைட் நியூட்ரிஷனிஸ்ட்’ ஆகாதவர் யார்? இவ்வளவு நாள் இந்தத் துறைக்கு நாடு தழுவிய ஒழுங்குமுறை அமைப்பு இல்லாமல் இருந்தது. 2021-ல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அதை மாற்றத் தொடங்கியிருக்கிறது. டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட், பிசியோதெரபிஸ்ட் போன்ற பல தொழில்கள் இதற்குள் வருகின்றன. படிப்புத் தரமும் பதிவேடும் இந்த ஆணையம் வழியாக வர வேண்டும்.

இதையொட்டி 2025-ல் யு.ஜி.சி ஒரு முடிவெடுத்தது. இந்தச் சட்டத்துக்குள் வரும் சுகாதாரப் படிப்புகளை, உளவியல், உணவு - ஊட்டச்சத்து உட்பட, 2025 ஜூலை - ஆகஸ்ட் கல்வியாண்டிலிருந்து தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. ‘கரஸ்ல எம்.எஸ்சி சைக்காலஜி பண்ணலாம்’ என்று பழைய யூடியூப் வீடியோவை நம்பிக் கிளம்புகிறவர்கள் கவனிக்க. பெரிய பல்கலைக்கழகத்துக்கே இந்தத் தடை என்றால், ஆறு மாச ஆன்லைன் ‘மருத்துவ’ டிப்ளமாவின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் யாருக்கு நஷ்டம்?

மாணவருக்கு 38,000 ரூபாய் போகும். ஆனால், அதோடு முடிவதில்லை.

1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஹோமியோபதி படித்துப் பதிவுசெய்திருந்த ஒரு மருத்துவர், காய்ச்சலில் வந்த நோயாளிக்கு உரிய பரிசோதனைகள் இல்லாமல் அலோபதி மருந்துகள் கொடுத்தார். நிலைமை மோசமாகி நோயாளி இறந்துவிட்டார். அவருடைய மனைவி தொடுத்த வழக்கில், ஒரு மருத்துவ முறையைப் பற்றிய அறிவில்லாமல் அதில் சிகிச்சை தருபவர் போலி மருத்துவரே என்று நீதிமன்றம் சொன்னது. கவனியுங்கள், அவர் படிக்காதவர் இல்லை. தான் படித்த துறையில் முறையாகப் பதிவு செய்தவர். துறை மாறி மருந்து கொடுத்ததற்கே இந்தத் தீர்ப்பு. எதிலும் பதிவே இல்லாதவருக்கு?

பரம்பரை வைத்தியர்கள் கதை இன்னும் சிக்கலானது. தென்மாவட்டங்களில் எலும்பு முறிவுக்கும் வர்மத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பெயர்பெற்ற குடும்பங்கள் இருக்கின்றன. கல்லூரி வருவதற்கு முன்பே இந்த அறிவைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். 1970-ம் ஆண்டுச் சட்டம் வந்தபோது ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த வைத்தியர்களுக்குச் சில பாதுகாப்புகள் தரப்பட்டன. ஆனால், 2018-ல் கேரளப் பரம்பரை வைத்தியர்கள் தொடர்பான வழக்கில், அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாதவர்கள் தொழில் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்த அறிவைச் சட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால், தாத்தாவிடம் இருபது வருஷம் கூடவே இருந்து கற்றவருக்கே இந்த நிலை என்றால், ஜூம் காலில் இருபது வகுப்பு கேட்டவர் அந்த மரபின் பேரைச் சொல்லிக்கொள்வது எப்படி நியாயம்?

அரசாங்கத்துக்கே இது எளிதில்லை!

2025 மே மாதம், புதுச்சேரி ஜிப்மரில் எம்.பி.பி.எஸ்-ஸையும் ஆயுர்வேதப் பட்டமான பி.ஏ.எம்.எஸ்-ஸையும் சேர்த்து ஒரே படிப்பாகக் கொண்டுவரும் திட்டத்தை மத்திய ஆயுஷ் அமைச்சர் பிரதாப்ராவ் ஜாதவ் அறிவித்தார். உடனே இந்திய மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. இரண்டு முறைகளையும் கலந்தால் இரண்டிலும் அரைகுறைதான் மிஞ்சும் என்பது எதிர்ப்பவர்கள் வாதம். ஒரே நோயாளியைப் பற்றி இரண்டு தரப்பும் பேசிக்கொள்ள ஒரு பாலம் வேண்டும் என்பது ஆதரிப்பவர்கள் வாதம்.

எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு கேள்வி வரும். எம்.பி.பி.எஸ் தேசிய மருத்துவ ஆணையத்தின்கீழ் வருகிறது. பி.ஏ.எம்.எஸ் என்.சி.ஐ.எஸ்.எம்-ன்கீழ் வருகிறது. இரண்டும் சேர்ந்த படிப்பை யார் ஆய்வு செய்வார்கள்? எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும்? ஆணையங்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கூடிப் பேச வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 50-வது பிரிவு சொல்கிறது. பெரிய மருத்துவர்களும் அமைச்சகங்களும் உட்கார்ந்து விவாதிக்கும் இந்த ‘ஒருங்கிணைப்பை’த்தான், ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியிலிருந்து ஆறு மாசத்தில் முடித்துத் தருவதாக அந்த பி.டி.எஃப் சொல்கிறது.

பணம் கட்டும் முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்க!

1. பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம்? அது யு.ஜி.சி பட்டியலில் இருக்கிறதா? போலிப் பட்டியலில் இல்லையே?

2. இந்தப் படிப்புக்கு இந்தக் கல்வியாண்டில் ஆணையத்தின் அனுமதி இருக்கிறதா? என்.சி.ஐ.எஸ்.எம் தன் தளத்தில் அனுமதி பெற்ற கல்லூரிகளின் விவரத்தை வெளியிடுகிறது. அனுமதி ஒரு வருஷம் இருந்து மறுவருஷம் இல்லாமல் போகலாம். ‘போன வருஷம் இருந்துச்சு’ என்பது பதில் இல்லை.

3. முடித்ததும் எந்தக் கவுன்சிலில் என் பெயர் பதிவாகும்? பதில் ‘எங்க சொந்த கவுன்சில்ல’ என்று வந்தால், கிளம்பிவிடுங்கள்.

4. நோயாளிகளை நேரில் பார்க்கும் பயிற்சி எங்கே, எத்தனை மாசம்? மருத்துவமனையின் பெயரைக் கேளுங்கள், ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்.

5. இதை வைத்து நான் சட்டப்படி என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? இதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்குப் போகிறவர்களும் மூன்றாவது கேள்வியைக் கேட்கலாம். “டாக்டர், உங்க பதிவு எண் என்ன?” என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார். அவருடைய சீட்டிலேயே அது அச்சாகியிருக்கும்.

அப்புறம் என்ன ஆச்சு?

தங்கை இந்த ஐந்து கேள்விகளையும் அந்த நிறுவனத்துக்கு வாட்ஸ்அப் செய்தாள். முதல் கேள்விக்கு அதே பி.டி.எஃப்-ஐ மறுபடி அனுப்பினார்கள். மூன்றாவது கேள்விக்கு, ‘மேடம், எங்களிடம் படித்த ஆயிரக்கணக்கானோர் கிளினிக் வைத்திருக்கிறார்கள்’ என்று பதில் வந்தது. ஐந்தாவது கேள்விக்கு நீல டிக் மட்டும். அஞ்சாயிரம் திரும்ப வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறாள். பார்க்கலாம்.

இப்போ ஒய்.சி.பி தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். காலையில் தெருமுனை வகுப்பில் டீச்சருக்கு உதவி, இரவில் பாடம். போன வாரம் போன் செய்தபோது கேட்டேன், “டாக்டர் ஆகலையேன்னு வருத்தமாடீ?”

“இல்லக்கா. நேத்து வகுப்புக்கு ஒரு அம்மா வந்தாங்க. கழுத்துவலி, கை மரத்துப்போகுதுன்னாங்க. எனக்கு ஒரு ஆசனம் தெரியும்தான். ஆனா, கை மரத்துப்போறது எதனாலன்னு எனக்குத் தெரியாதுல்ல. முதல்ல ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாங்கம்மான்னு அனுப்பிட்டேன்.”

அந்த பி.டி.எஃப்-ஐ நம்பிப் படித்திருந்தால், அந்த அம்மாவுக்கு அவள் அன்றே ‘சிகிச்சை’ ஆரம்பித்திருப்பாள்.